துதி முதலில், ஆராதனை பிறகு: வேதத்தில் இந்த வரிசை எங்கே இருக்கிறது?

ஒலிவக்கிளை:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் 11 வருடமாகப் பாட்டு நடத்துகிறேன். எனக்குக் கற்றுத்தந்தது இவ்வளவுதான்: முதல் இருபது நிமிடம் கைதட்டிப் பாடுகிற வேகமான பாட்டுகள், அது துதி. பிறகு கீபோர்டு மட்டும் மெல்ல ஒலிக்க, கண்ணை மூடிப் பாடுகிற பாட்டுகள், அது ஆராதனை. துதி வாசல், ஆராதனை ஆலயத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலம். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு நானும் இதையே சொல்லிக்கொடுத்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு நடந்ததை மறைத்துவிட்டுக் கேள்வி மட்டும் கேட்டால் அது நேர்மை ஆகாது. அன்றைக்கு நான்காவது வேகப் பாட்டு போய்க்கொண்டிருந்தது. கூட்டம் சோர்ந்திருப்பதாகத் தோன்றவே மைக்கில் சொன்னேன்: "கர்த்தர் துதிகளுக்குள் வாசம்பண்ணுகிறவர். வாயை மூடிக்கொண்டு நிற்கிறவர்கள் அவர் வருகையைத் தடுக்கிறீர்கள்." எத்தனையோ முறை சொன்ன வாக்கியம்தான். மூன்றாவது வரிசையில் ஒரு அக்கா நின்றிருந்தார். கணவரை அடக்கம் செய்து 19 நாள் ஆகியிருந்தது. முன்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். நான் சொல்லி முடித்ததும் வேதாகமத்தைப் பைக்குள் வைத்தார். ஜிப்பைச் சத்தம் வராமல் மெதுவாக இழுத்து மூடினார். சுவரோரமாக நடந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறும் வரவில்லை.

நான் சொன்னது வேதமா, அல்லது கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சா? வசனத்தோடு சொல்லுங்கள். அவர் வீட்டுக்குப் போக வேண்டும். என்ன சொல்வது என்று தெரியாமல் போகப் பயமாக இருக்கிறது.

பாமாலைக்காரர்:

தம்பி, போவதற்கு வசனம் வேண்டியதில்லை. போங்கள்.

நீங்கள் மைக்கில் சொன்ன வசனத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். 40 வருடம் பாடகர் குழுவில் பாடியவன். "இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிற தேவரீரே பரிசுத்தர்" என்பது சங்கீதம் 22-ன் மூன்றாம் வசனம். முதல் வசனம் எது? "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" சிலுவையில் ஆண்டவர் சொன்னது. இரண்டாம் வசனம்: "என் தேவனே, நான் பகலிலே கூப்பிடுகிறேன், உத்தரவுகொடீர், இரவிலே கூப்பிடுகிறேன், எனக்கு அமைதலில்லை." பதில் வரவில்லை, தூக்கமும் வரவில்லை என்று அழுகிறவனுடைய வாயிலிருந்துதான் மூன்றாம் வசனம் பிறக்கிறது. உம்மைத் துதித்த என் பிதாக்கள் உம்மை நம்பினார்கள், நீர் அவர்களை விடுவித்தீர், என்னை ஏன் விட்டீர் என்பது அவனுடைய வழக்கு. அந்த வசனத்தை எடுத்து, வழக்காடுகிறவர்களின் வாயையே அடைத்துவிட்டோம். உங்களை மட்டும் சொல்லவில்லை. நானும் அதே வசனத்தை அப்படியே சொல்லியிருக்கிறேன்.

எக்காளம்:

சகோதரர் மனம் உடைந்து எழுதியிருக்கிறார். அந்த மனதை மதிக்கிறேன். ஆனால் ஒரு தவறைத் திருத்தப்போய்ப் பெரிய சத்தியத்தை விட்டுவிடக் கூடாது. துதியில் வல்லமை உண்டு என்பது நம் கற்பனை அல்ல. 2 நாளாகமம் 5-ல் பாடகரும் எக்காளம் ஊதுகிறவர்களும் ஒருமித்துக் கர்த்தரைத் துதித்தபோதுதான் மேகம் ஆலயத்தை நிரப்பியது. ராஜாவாகிய யோசபாத் படைக்கு முன்னால் பாடகரை நிறுத்தினான். தீர்க்கதரிசி எலிசா சுரமண்டல வாத்தியக்காரனை அழைத்துவரச் சொன்னான். பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடினபோது சிறைச்சாலையின் அஸ்திபாரமே அசைந்தது. சங்கீதம் 150 எக்காளம், தம்புரு, நடனம், பேரோசையுள்ள கைத்தாளம் எல்லாவற்றையும் சொல்கிறது. இவ்வளவும் இருக்கும்போது, துதிக்கச் சொல்லி ஜனங்களை உற்சாகப்படுத்துவது எப்படித் தவறாகும்?

எழுத்தாணி:

எக்காளம் அண்ணா சொன்ன ஒவ்வொரு வசனமும் உண்மை. துதி சத்தமானது, தாளமுள்ளது, கூட்டமாகச் செய்வது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கேள்வி வேறு: துதி என்கிற காரியத்தால் அவர் பிரசன்னத்தை நாம் வரவழைக்கிறோமா? யாத்திராகமம் 40-ல் ஆசரிப்புக் கூடாரம் கட்டி முடித்தபோதும் மேகம் மூடியது; அங்கே ஒரு பாடகரும் இல்லை. பரிசுத்த ஸ்தலத்தில் பிரவேசிக்கும் தைரியம் இயேசுவின் இரத்தத்தினாலே உண்டாயிருக்கிறது என்று எபிரெயர் 10:19 சொல்கிறது. நம் நான்காவது பாட்டினால் என்று சொல்லவில்லை. அந்த இடத்தில் இசையை வைத்துவிட்டால், பாட முடியாதவருக்கு வாசல் அடைபட்டுவிடுகிறது. ஒலிவக்கிளை சகோதரர் கண்முன் நடந்தது அதுதான்.

இனி அவர் சொன்ன துதி, ஆராதனை என்கிற சொற்கள். எபிரெயம் சில வருடம் படித்திருக்கிறேன். எனக்குத் தெளிவானதை மட்டும் எழுதுகிறேன்.

துதி என்று நாம் வாசிக்கிற இடங்களில் அதிகம் வருவது ஹாலல். ஒருவரைப் பற்றிப் பெருமையாகப் பேசுவது அதன் பொருள். அல்லேலூயா என்பது அந்தச் சொல்லின் ஏவல், அதுவும் பன்மை ஏவல்: "நீங்கள் எல்லோரும் 'யா'வைத் துதியுங்கள்." 'யா' என்பது கர்த்தருடைய பெயரின் சுருக்கம். தனி அறையில் கர்த்தரைப் பார்த்துச் சொல்கிற சொல் அல்ல, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்கிற அழைப்பு. ஆகவே துதிக்குக் கேட்பவர்கள் உண்டு. "உம்முடைய நாமத்தை என் சகோதரருக்கு அறிவித்து, சபைநடுவில் உம்மைத் துதிப்பேன்" என்று அதே 22-ஆம் சங்கீதம் சொல்கிறது. சங்கீத புத்தகத்துக்கே எபிரெயத்தில் தெஹிலீம், துதிகள், என்றுதான் பெயர். ஆனால் அந்தத் "துதிகள்" புத்தகத்தைத் திறந்தால் புலம்பல் சங்கீதங்கள்தான் மற்ற எந்த வகையையும்விட அதிகம். 88-ஆம் சங்கீதம் இருளோடேயே முடிகிறது. அதையும் இந்தப் பெயருக்குள் சேர்த்துத்தான் தொகுத்தார்கள். பாட்டுப் பட்டியல் தயாரிக்கிற ஒவ்வொருவரும் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

அடுத்தது யாதா. யாக்கோபின் மனைவி லேயாள் நான்காம் மகனைப் பெற்று, "கர்த்தரைத் துதிப்பேன்" என்று யூதா எனப் பெயரிட்டாளே, அந்தச் சொல். இதே சொல்தான் சங்கீதம் 32:5-ல் "என் மீறுதல்களைக் கர்த்தருக்கு அறிக்கையிடுவேன்" என்ற இடத்திலும் வருகிறது. இதன் பெயர்ச்சொல் தோடா. ஆகான் திருடி மாட்டிக்கொண்டபோது யோசுவா அவனிடம் கர்த்தருக்குத் "தோடா" கொடு என்கிறான். நம் வேதாகமத்தில் "அறிக்கைபண்ணு" என்று இருக்கிறது. அதாவது உள்ளதை உள்ளபடி அவர் முன்னால் ஒப்புக்கொள்வது. நன்மை கிடைத்தால் அதை ஒப்புக்கொள்வது நன்றி. பாவம் செய்திருந்தால் அதை ஒப்புக்கொள்வது அறிக்கை. இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்று அந்த மொழி நினைத்திருக்கிறது. அந்த அக்கா அன்றைக்குச் சிரித்துக் கைதட்டியிருந்தால் உள்ளதை உள்ளபடி சொன்னதாக இருந்திருக்காது.

தொழுவது என்பது முற்றிலும் வேறு குடும்பம். எபிரெயத்தில் ஹிஷ்தஹவா, கிரேக்கத்தில் ப்ரோஸ்கினேயோ. இரண்டும் உடம்பு தரையில் படுவதைக் குறிப்பவை. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் குழந்தை இயேசுவுக்கு முன் "சாஷ்டாங்கமாய் விழுந்து" பணிந்துகொண்டார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். அங்கே பாட்டு இல்லை. ஆபிரகாம் ஈசாக்கை அழைத்துக்கொண்டு மலைக்குப் போகும்போது வேலைக்காரரிடம், "நானும் பிள்ளையாண்டானும் அவ்விடமட்டும் போய், தொழுதுகொண்டு, உங்களிடத்துக்குத் திரும்பி வருவோம்" என்கிறான். அங்கேயும் பாட்டு இல்லை. விறகும் கத்தியும் நெருப்பும்தான் இருந்தன.

யோபுவைப் பாருங்கள். பத்துப் பிள்ளைகளும் இறந்த செய்தி வருகிறது. சால்வையைக் கிழிக்கிறான், தலையைச் சிரைக்கிறான், தரையில் விழுந்து பணிகிறான். அந்தப் "பணிந்து" என்பது இதே ஹிஷ்தஹவா. துக்கத்தை அடக்கி வைத்துவிட்டுத் தொழவில்லை. கிழிந்த துணியோடும் மொட்டைத் தலையோடும் தொழுதான்.

ஆராதனை என்று நம் வேதாகமத்தில் பல இடங்களில் இருப்பது இன்னொரு சொல்: அவாத், அதன் பெயர்ச்சொல் அவோதா. வேலை, ஊழியம். "இந்த மலையில் தேவனுக்கு ஆராதனை செய்வீர்கள்" என்று மோசேயிடம் சொன்னபோது வந்த அதே வேர், எகிப்தியர் அவர்களைக் கொடுமையாய் வேலைவாங்கினார்கள் என்ற இடத்திலும் வருகிறது. ஆதாம் தோட்டத்தைப் "பண்படுத்தவும்" என்ற இடத்திலும் அதே வேர். யாத்திராகமம் முழுவதும் ஒரே கேள்வி: இந்த ஜனங்கள் யாருக்கு வேலை செய்யப்போகிறார்கள்? இந்த இரண்டு சொற்களையும் நம் ஆண்டவர் ஒரே வசனத்தில் வைத்திருக்கிறார்: "உன் தேவனாகிய கர்த்தரைப் பணிந்துகொண்டு, அவர் ஒருவருக்கே ஆராதனை செய்வாயாக." பணிவது உடம்பு செய்வது, ஆராதனை ஆயுசு முழுவதும் செய்வது. ரோமர் 12-ல் பவுல் சரீரத்தை ஜீவபலியாக ஒப்புக்கொடுப்பதைத்தான் "புத்தியுள்ள ஆராதனை" என்கிறார். அந்த அக்கா கணவருக்கு நோய்க்காலத்தில் கஞ்சி ஊட்டியிருந்தால் அதுவும் அவோதாவே.

பாட்டின் வேகத்துக்கும் இவற்றில் ஒன்றுக்கும் தொடர்பு இல்லை.

புதுக்குருத்து:

அக்கா, துதிக்கு ஏழு எபிரெயச் சொற்கள் உண்டு என்று ஒரு கூட்டத்தில் பட்டியல் தந்தார்கள். யாதா என்றால் கைகளை உயர்த்துவது, பாராக் என்றால் முழங்கால்படியிடுவது, ஷாபாக் என்றால் உரத்த சத்தமிடுவது, இப்படி ஏழு. ஒவ்வொன்றையும் ஒரு பாட்டில் செய்தும் காட்டினோம். அது சரிதானா?

எழுத்தாணி:

தங்கையே, பட்டியலில் உள்ள சொற்கள் எல்லாம் வேதத்தில் இருப்பவைதான். ஆனால் ஒரு சொல்லின் வேரை வைத்து அது வரும் இடமெல்லாம் அந்தச் செயல் நடந்தது என்று சொல்ல முடியாது. தமிழில் "அடிபணிந்தான்" என்று எழுதினால் ஒவ்வொரு முறையும் காலில் விழுந்தான் என்று பொருளா? பாராக் முழங்காலோடு தொடர்புள்ள சொல் என்று சொல்வார்கள். ஆனால் கர்த்தர் ஆபிரகாமை ஆசீர்வதித்தார் என்பதற்கும் பாராக்தான். அவர் ஆபிரகாமுக்கு முழங்கால்படியிடவில்லை. ஷாபாக் இன்னும் சுவையானது. சங்கீதம் 117-ல் "போற்றுங்கள்" என்று வருகிறது, சரி. அதே எழுத்துகள் கொண்ட சொல் 89:9-ல் கடலின் அலைகளை அவர் "அடங்கப்பண்ணுகிறீர்" என்று வருகிறது. சத்தமிடுவது என்று மட்டும் கற்றுக்கொண்டால் அலை அடங்குகிற இடம் நமக்குத் தெரியாமலே போய்விடும்.

இன்னொரு எச்சரிக்கை தமிழ்ப் பக்கத்தில். ஹென்றி பவர் தலைமையில் 1871-ல் வந்த மொழிபெயர்ப்பையே நம்மில் பலர் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். அதில் "கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொண்டான்" என்று ஆபிரகாமைப் பற்றி வருகிற இடத்தில், மூலத்தில் விழுந்து பணிவது இல்லை. நாமத்தைச் சொல்லிக் கூப்பிடுவது. ஸ்தோத்திரம் என்ற ஒரே சொல் மூன்று நான்கு எபிரெய, கிரேக்கச் சொற்களைச் சுமக்கிறது. அதனால் தமிழ்ச் சொல்லை வைத்தும் அவசரமாகக் கோட்டை கட்டிவிடக் கூடாது. பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் "வழிபடு" என்று வரும் இடங்களையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது எனக்கு எப்போதும் உதவியிருக்கிறது.

மெழுகுதிரி:

நான் கத்தோலிக்கன். எங்கள் பங்கில் ஆராதனை என்றால் முதலில் நினைவுக்கு வருவது நற்கருணை ஆராதனை, அதாவது நற்கருணை அப்பத்தின் முன் இருந்து செபிப்பது. ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி மௌனம். முழங்காலில் இருப்போம், முடியாதவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். என் தாயார் இறந்த வருடம் எனக்கு எந்தச் செபமும் வாயில் வரவில்லை. வியாழன்தோறும் போய் அங்கே இருந்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

மத்தேயு 28:17-ஐ யாராவது கவனித்தீர்களா? உயிர்த்த ஆண்டவரைக் கண்டு சீடர்கள் பணிந்துகொண்டார்கள், சிலரோ சந்தேகப்பட்டார்கள். சந்தேகப்பட்டவர்களை அவர் மலையிலிருந்து அனுப்பிவிடவில்லை. அவர்களையும் சேர்த்துத்தான் உலகமெங்கும் அனுப்பினார்.

பாமாலைக்காரர்:

எழுத்தாணி அம்மா தோடா என்றதும் எங்கள் ஊர் அசனம் ஞாபகம் வந்துவிட்டது. தென்மாவட்டச் சபைகளைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும். பண்டிகை நாளில் கோவில் வளாகத்திலேயே அடுப்பு மூட்டி, ஊரே கூடிச் சமைத்து, ஊருக்கே பந்தி போடுவது.

தோடா என்பது பாட்டுக்கு மட்டும் பெயர் அல்ல. ஒரு பலிக்கும் பெயர். லேவியராகமம் 7-ல் ஸ்தோத்திரபலி. ஆபத்திலிருந்து தப்பினவன் செலுத்துவது. அதோடு புளிப்பில்லாத அதிரசங்களும் அடைகளும், கூடவே புளித்தமாவினால் செய்த அப்பமும் வேண்டும். பிறகு ஒரு நிபந்தனை: மாம்சத்தை அன்றைக்கே புசிக்க வேண்டும், விடியற்காலம்வரை ஒன்றும் மிச்சம் வைக்கக் கூடாது. மற்றச் சமாதானபலிகளில் உற்சாகபலி, பொருத்தனை பலி என்றால் மறுநாளும் சாப்பிடலாம். ஸ்தோத்திரபலிக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. ஒரு முழு ஆட்டை ஒரே நாளில் ஒரு குடும்பம் எப்படித் தின்று தீர்க்கும்? தெருவில் போகிறவனையும் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் "எதற்கு விருந்து?" என்று கேட்பான். அப்போது சொல்ல வேண்டும், கர்த்தர் எனக்கு என்ன செய்தார் என்று. அந்தச் சொல்தான் துதி.

இப்போது 22-ஆம் சங்கீதத்தின் கடைசிப் பாகத்துக்குப் போங்கள். "மகா சபையிலே" துதிப்பேன், பொருத்தனைகளைச் செலுத்துவேன் என்றவன் அடுத்த வசனத்திலேயே, "சாந்தகுணமுள்ளவர்கள் புசித்துத் திருப்தியடைவார்கள்" என்கிறான். ஏன் திடீரென்று சாப்பாடு வருகிறது என்று பல வருடம் எனக்குப் புரியவில்லை. பந்தி போட்டுவிட்டான்! கைவிடப்பட்டேன் என்று அழுதவன் இலை போட்டு ஊரை உட்காரவைக்கிறான். ஆனால் தம்பி, முதல் வசனத்திலிருந்து 26-ஆம் வசனத்துக்கு அவன் எத்தனை நாளில் வந்தான் என்று சங்கீதம் சொல்லவில்லை. 19 நாளில் வந்துவிட வேண்டும் என்று நாம் யாருக்கும் கெடு வைக்க முடியாது.

எபிரெயர் 13:15-ல் "உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திரபலி" என்று வாசித்துவிட்டு நிறுத்திவிடுகிறோம். அடுத்த வசனம் தானதர்மம்பண்ண மறவாதிருங்கள் என்கிறது. "இப்படிப்பட்ட பலிகளின்மேல்" தேவன் பிரியமாயிருக்கிறார் என்று அதையும் பலி என்றே எண்ணுகிறது. இதை மறந்த பாட்டைத்தான் தீர்க்கதரிசி ஆமோஸ் "இரைச்சல்" என்றான்: "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று." நல்ல பாடகர் குழுதான் பாடியிருக்கும் என்று நினைக்கிறேன். வாசலில் ஏழைக்கு நியாயம் கிடைக்கவில்லை, அதனால் அவருக்கு அது இரைச்சலாகக் கேட்டது.

எக்காளம்:

ஐயா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். லேவியராகமத்தை இவ்வளவு நெருக்கமாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் துதி கொள்கை அல்ல. என் மகள் பிறந்து 4 நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் துதித்துக்கொண்டே இருந்தேன்; அது இல்லாவிட்டால் நான் உடைந்துபோயிருப்பேன். ஆகவே யாராவது துக்கத்தில் துதிக்க வேண்டாம் என்று சொன்னால் என்னால் தாங்க முடியாது. "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி" என்று தாவீது தன் ஆத்துமாவுக்கே கட்டளையிடுகிறானே. மனம் வரும்வரை காத்திருந்தால் சிலருக்கு அது வராமலே போகலாம்.

எழுத்தாணி:

அண்ணா, கட்டாயம். ஆனால் தாவீது கட்டளையிட்டது தன் ஆத்துமாவுக்கு. நீங்களும் அந்த மாடிப்படியில் உங்கள் ஆத்துமாவோடுதான் பேசினீர்கள். மேலே நின்றுகொண்டு யாரும் உங்களிடம் மைக்கில் கேட்கவில்லை. சங்கீதம் 42-ல் கலங்குகிற ஆத்துமாவிடம் அவன் "தேவனை நோக்கிக் காத்திரு" என்கிறான். பிறகு "இன்னும் நான் அவரைத் துதிப்பேன்" என்கிறான், எதிர்காலத்தில். இன்று முடியவில்லை, ஆனால் விட்டுவிடவும் இல்லை. துதியைத் தள்ளிவைக்கவும் சங்கீதத்தில் இடம் இருக்கிறது.

ஒலிவக்கிளை சகோதரருக்கு ஒன்றே ஒன்று. சங்கீதம் 65:1-ஐத் திறந்து பாருங்கள். "தேவனே, சீயோனில் உமக்காகத் துதியானது அமைந்து காத்திருக்கிறது." அந்த "அமைந்து" என்ற இடத்தில் எபிரெயத்தில் துமியா என்று இருக்கிறது: மௌனம். சொல்லுக்குச் சொல் வைத்தால், "உமக்கு மௌனம், துதி." பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இதை "உமக்குத் துதி தகும்" என்று வேறு விதமாக எடுத்திருக்கிறது, ஆகவே ஒரே பொருள்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எபிரெய எழுத்தில் மௌனமும் துதியும் நடுவில் ஒரு சொல்கூட இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

எக்காளம்:

65:1 என் வேதாகமத்தில் கோடு போட்டு வைத்த வசனம். "காத்திருக்கிறது" என்பதற்குத்தான் கோடு போட்டிருந்தேன். "அமைந்து" கண்ணில் படவே இல்லை. நன்றி, சகோதரி.

ஒலிவக்கிளை:

சனிக்கிழமை மாலை போனேன். இங்கே படித்தவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போயிருந்தேன். அதைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அக்கா கதவைத் திறந்ததும், "அன்றைக்கு நான் பேசியது தவறு, மன்னித்துவிடுங்கள்" என்றேன். உட்காரச் சொன்னார். காப்பி கொண்டுவந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார்: "தம்பி, நான் பாடக் கூடாதென்று நிற்கவில்லை. வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று தெரியும். வீட்டில் இருக்க முடியவில்லை. அந்த நாற்காலிப் பக்கத்தில் நின்றால் போதும் என்றுதான் வந்தேன்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. 22-ஆம் சங்கீதம் வாசிக்கலாமா என்று கேட்டேன். முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். "இரவிலே கூப்பிடுகிறேன், எனக்கு அமைதலில்லை" வந்தபோது கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "இதை இன்னொரு முறை வாசியுங்கள்" என்றார். மூன்று முறை வாசிக்கச் சொன்னார். அதற்கு மேல் போகவில்லை. பாமாலைக்கார ஐயா சொன்ன பந்தி வசனம் இன்னும் 24 வசனம் தள்ளி இருக்கிறது. அதை அவரே ஒருநாள் வாசிப்பார் என்று விட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பாட்டுப் பட்டியலை மாற்றியிருக்கிறேன். முதலில் சங்கீதம் 22 முழுவதும் வாசிப்பு, பிறகு இரண்டு நிமிடம் மௌனம், அதன் பிறகுதான் முதல் பாட்டு. பாஸ்டரிடம் கேட்டேன், சரி என்றார். டிரம்ஸ் வாசிக்கிற தம்பி மட்டும், "அண்ணா, அந்த இரண்டு நிமிடம் நான் என்ன வாசிப்பது?" என்று கேட்டான். குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு எல்லோரோடும் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.